பெரியக்கா எழுதிய பரீட்சை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் மட்டும் இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவள் பெரியக்கா. ஒன்பது பிள்ளைகளில் மூத்தவள். கீழே இருந்த எட்டுப் பேரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் தோலோடு ஒட்டிக்கொண்டது. நாலாவது தங்கை ஆறு மாதம் இவளோடு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் விட்டுப் போன பிறகும் பெயர் கம்பெனியிலேயே தங்கிவிட்டது. அறுபதைத் தாண்டிய வாட்ச்மேன்கூட, "பெரியக்கா, கார்டு தேய்க்காமப் போறீங்க" என்றுதான் குரல் கொடுப்பார்.

கம்பெனியில் மூன்றாம் லைன் அவள் பொறுப்பு. யாரைச் சட்டைக் காலரில் போடுவது, யாரைச் சட்டைக் கையில் போடுவது, எந்த மெஷின் நூலை அறுக்கிறது, யாருக்கு இன்று முகம் சரியில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆறு வருடமாக அந்த லைனை ஓட்டுவது அவள்தான். ஆனால் சூப்பர்வைசர் என்ற பதவி மட்டும் இல்லை. சம்பளச் சீட்டில் இன்னும் தையல்காரி.

ஒருநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கேட்டுல 'ஆட்கள் தேவை'ன்னு போர்டு மாட்டி எத்தனை வருஷம் ஆச்சு, சொல்லுங்க பெரியக்கா?"

"நாலு இருக்கும் சார். ஒரு தடவை மழையில எழுத்தெல்லாம் கரைஞ்சு திரும்ப எழுதினாங்க."

"வர்றவங்க இல்லை. வர்ற ஒண்ணு ரெண்டும் மூணு மாசத்துல கம்ப்யூட்டர் படிச்சிட்டு ஓடிடுதுங்க. லைனைத் தெரிஞ்சவங்களை விடக்கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. உங்களுக்கு சூப்பர்வைசர் ஆர்டர் போடணும்னு நான் எழுதினேன். பத்தாவது சர்டிபிகேட் கேக்கறாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "அம்பத்திமூணு வயசுல நான் எங்க சார் போய் பத்தாவது படிக்கிறது?"

"உங்க தெரு ஸ்கூல்லயே சாயங்காலம் வகுப்பு நடக்குதாமே?"

நடப்பது அவளுக்கும் தெரியும். தினமும் பஸ் இறங்கி அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறாள். மாடியில் ஒரே ஓர் அறையில் விளக்கு எரியும். அண்ணாந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டுவாள். பார்க்காமல் ஒருநாளும் போனதில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் ஆறாம் வகுப்புப் பாதி வரை படித்தாள். அப்போது ஓர் அறையில் எழுபத்தெட்டுப் பிள்ளைகள். நாலு பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேர். ஓரத்தில் இடம் கிடைத்தவள் ஒரு காலைத் தரையில் ஊன்றித் தாங்கிக்கொண்டு எழுத வேண்டும். ஒருநாள் கணக்கு வாத்தியார் பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி என்று கரும்பலகையில் போட்டார். இரண்டாவதைத் தலைகீழாகத் திருப்பி, பெருக்கிவிடு என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "ஏன் சார் திருப்பணும்?"

வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அத்தனை கூட்டத்தில் ஒரு முகத்தை அவர் தனியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும். பதில் சொல்ல வாயெடுத்தார், மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன். ஞாபகப்படுத்து" என்றார்.

மறுநாள் விடிகாலை அம்மாவுக்கு ஏழாவது பிரசவம். உடம்பு மோசமாகிவிட்டது. "பத்து நாள் வீட்டுல இரு. அப்புறம் போகலாம்" என்றார் அப்பா. இரண்டு வாரம் கழித்து, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிற வழியில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தன்னுடைய இடம் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இடமே இல்லை. அவள் உட்கார்ந்த ஓரத்தில் வேறு ஒருத்தி ஒரு காலை ஊன்றி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். வராமல் போனவளைத் தேட அங்கே யாருக்கும் நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பிரசவம். அவள் இடுப்பு காலியாக இருந்ததே கிடையாது.

தம்பி தங்கைகள் எட்டுப் பேரும் படித்தார்கள். ஒவ்வொருவரும் ஆறாம் வகுப்புக்கு வரும்போது அவள் கேட்டாள்: "பின்னத்தை வகுக்கும்போது ஏன்டா திருப்பறாங்க?" எட்டுப் பேரும் வெவ்வேறு எட்டு வருடங்களில் ஒரே பதிலைச் சொன்னார்கள். "அது அப்படித்தான்க்கா." அவர்களில் ஒருவன் இன்ஜினீயர்.

கல்யாணமாகி மகள் பிறந்ததும், ஒன்று போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். கணவர் நல்ல மனிதர், ஏன் என்று கேட்டார். "எம்பொண்ணு பெஞ்சுல கையை நீட்டி உட்காரணும்" என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டார். மகள் பன்னிரண்டாவது படிக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார். பெரியக்கா மெஷினில் குனிந்த தலை நிமிராமல் தைத்து மகளை நர்ஸாக்கினாள். மகள் படித்து முடித்த சூட்டோடு, பத்து மணி நேரம் விமானத்தில் போக வேண்டிய ஒரு குளிர் நாட்டுக்கு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். அந்த நாட்டில் கிழவர்கள் அதிகம், தூக்கி உட்கார வைக்க ஆள் குறைவு. கல்யாணமும் அங்கேயே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையனோடு நடந்தது. எட்டுத் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று, இரண்டு, சிலருக்கு அதுவும் இல்லை. அம்மா ஒருத்தி பெற்றது ஒன்பது. அந்த ஒன்பது பேரும் சேர்ந்து பெற்றது பத்து.

இத்தனையும் யோசித்து, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்தாள்.

தொள்ளாயிரம் பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்த கட்டடம். இப்போது மொத்தம் நாற்பத்தோரு பேர்தான் படிக்கிறார்களாம். மாடியில் வரிசையாகப் பூட்டிய கதவுகள். ஜன்னல் கம்பியில் புறா கூடு கட்டியிருந்தது. திறந்திருந்த அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். பேக்கரிக்காரர் ஒருவர், இரண்டு டிரைவர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண், இப்படி. எல்லோரும் நாற்பதுக்கு மேல். பாடம் நடத்துகிற டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. பகலில் மூன்றாம் வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் இவர்களோடு மல்லுக்கட்டுகிறாள்.

"எங்க வேணா உட்காருங்கக்கா. இடத்துக்குப் பஞ்சமே இல்லை" என்றாள் டீச்சர்.

பெரியக்கா முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் இல்லை. இரண்டு கையையும் மேஜையின் இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாள். யார் முழங்கையும் இடிக்கவில்லை. குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகளிடம் சொல்லவில்லை. பாஸ் ஆனால் சொல்லலாம், ஃபெயிலானால் யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் மகள், "சாயங்காலத்துல எங்கம்மா போறே, போனே எடுக்க மாட்டேங்கறே?" என்று கேட்டால், "ஓவர்டைம்டி" என்பாள்.

கணக்கில்தான் அவள் திணறினாள். ஆறாவது வாரம் பின்னம் வந்தது. டீச்சர் திருப்பிப் போட்டுப் பெருக்கச் சொன்னதும் பெரியக்கா எழுந்து நின்றாள். "ஏன் டீச்சர் திருப்பணும்?" என்று கேட்டாள். பின்னால் ஒரு டிரைவர் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "அக்கா, உங்க கம்பெனியில மூணு மீட்டர் துணி இருக்கு. ஒரு பைக்கு அரை மீட்டர். எத்தனை பை வரும்?"

"ஆறு."

"எப்படி உடனே சொன்னீங்க?"

"ஒரு மீட்டருக்கு ரெண்டு. மூணு மீட்டருக்கு ஆறு."

"மூணை அரையால வகுத்துட்டீங்க. என்ன பண்ணி வகுத்தீங்க? ரெண்டால பெருக்கினீங்க. ஒரு மீட்டருக்குள்ள எத்தனை அரை இருக்குன்னு பாத்தீங்க இல்ல, அதுதான் திருப்பறது."

பெரியக்கா நின்றபடியே இருந்தாள். தினமும் கையால் செய்துகொண்டிருந்ததைத்தான் நாற்பத்திரண்டு வருடமாகத் தெரியாது என்று நினைத்திருக்கிறாள். "உட்காருங்கக்கா" என்றாள் டீச்சர். "இருங்க டீச்சர், இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்" என்றாள் இவள். வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சமூக அறிவியலில் ஒருநாள் ஒரு படம் வந்தது. நாட்டு ஜனத்தொகையை வயது வாரியாக அடுக்கிய படம். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தையது அடி அகன்று கோபுரம் போல இருந்தது. இப்போதையது நடுவில் பெருத்து, அடியில் சிறுத்து, பானை மாதிரி.

"முன்னாடி சம்பாதிக்கறவங்க கொஞ்சம், சாப்பிடற சின்ன வாய் நிறைய" என்றாள் டீச்சர். "இப்ப வேலை செய்யற வயசுல நிறையப் பேர். சின்னவங்களும் குறைவு, முதியவங்களும் இன்னும் அதிகமாகலை. ஒரு நாட்டுக்கு இந்த மாதிரிக் காலம் ஒரு தடவைதான் வருமாம். அப்ப ஜனங்க படிச்சிருந்தா நாடு மேல வரும். இல்லைன்னா, அப்படியே கிழவியாகிடும்."

பெரியக்கா பழைய படத்தின் அடிப்பகுதியில் விரலை வைத்தாள். "இதுல நாங்க ஒம்பது பேரும் இருக்கோம்." பிறகு, "இந்த நல்ல காலம் இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் டீச்சர்?"

"இருபது வருஷம்னு சொல்றாங்க."

"அப்ப சரி. அதுக்குள்ள எப்படியும் கணக்குல பாஸ் ஆயிடுவேன்."

அடுத்த மாதம் ஓர் உத்தரவு வந்தது. பிள்ளைகள் போதாததால் வரும் வருடத்திலிருந்து பள்ளியை வேறு பள்ளியோடு சேர்க்கிறார்கள். கட்டடத்தின் கீழ்த்தளம் முதியோர் பகல் மையம் ஆகிறது. சாயங்கால வகுப்பு இந்த வருடத்தோடு சரி. வேறு எங்கே படிப்பதென்றாலும் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். "ஃபெயிலானா கவலைப்படாதீங்க, கீழ மையத்துல அட்மிஷன் நிச்சயம்" என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். அவளை எங்கே மாற்றுவார்கள் என்று இன்னும் தெரியவில்லை.

அந்த வாரம்தான் மகள், ஞாயிறுவரை பொறுக்காமல் புதன்கிழமையே கூப்பிட்டாள்.

"அம்மா, உட்காந்துக்கோ. நீ பாட்டி ஆகப்போறே."

பெரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வயதுக்குள் எட்டுப் பிள்ளைகளைத் தூக்கி, இனி இந்தப் பால் வாசனையே வேண்டாம் என்று வெறுத்துப்போனவள்தான். ஆனால் இப்போதெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தால் கை தானாக நீளும். வாங்கி வைத்துக்கொண்டு, தன் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறாள். மகளுக்கு முப்பத்தொன்று. அவளுக்குக் கல்யாணமான நாலு வருடமாக இவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கே பெரும்பாடு பட்டிருந்தாள்.

"எப்ப டேட் சொல்லியிருக்காங்க?"

மகள் தேதியைச் சொன்னாள். பெரியக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பரீட்சை நடக்கும் இரண்டு வாரத்துக்குள் அது இருந்தது.

"நீ ஒரு மாசம் முன்னாடியே வந்துடு. விசா எல்லாம் அவர் பாத்துக்கறேன்னுட்டார். ஒரு ரெண்டு வருஷம் இருக்கற மாதிரி வா. இங்க குழந்தைக் காப்பகத்துல இடம் கிடைக்க ஒன்றரை வருஷம் காத்திருக்கணும். உன்னை விட்டா எனக்கு யாரும்மா?"

"பாக்கலாம்டி" என்றாள் பெரியக்கா.

"பாக்கலாமா?" மகள் சிரித்தாள். "சரி, கம்பெனில சொல்லிடு."

பாக்கலாம், பாக்கலாம் என்று எட்டு வாரம் ஓட்டினாள். கம்பெனியில் கேட்கிறேன், பாஸ்போர்ட்டில் ஏதோ பிழை, இப்படி வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாள். டீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்க போயிட்டு வாங்கக்கா. பேரக்குழந்தையைவிடப் பரீட்சை பெரிசா? அப்புறம் எழுதிக்கலாம்."

"இந்த 'அப்புறம்' எனக்கு ரொம்பப் பழக்கம் டீச்சர்" என்றாள் பெரியக்கா.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்து முகத்துக்கு நேராகக் கேட்டாள். "டிக்கெட் போடலாமா வேண்டாமா? நேராச் சொல்லும்மா."

"பரீட்சை முடிஞ்சதும் வர்றேன்."

"யாரோட பரீட்சை?"

"என்னோடது. பத்தாவது எழுதறேன்."

மகள் முதலில் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"இத்தனை மாசம் எங்கிட்ட பொய் சொல்லியிருக்கே."

"ஆமா."

"எனக்கு இங்க பிரசவ வலி வரும்போது நீ அங்க உட்காந்து பரீட்சை எழுதிட்டு இருப்பே."

பெரியக்கா கணக்கு நோட்டை மூடி ஓரமாக வைத்தாள்.

"எட்டுப் பேரை வளர்த்தியேம்மா. எம்புள்ளை ஒண்ணை வளர்க்க மாட்டியா?"

அந்த வார்த்தை போய் எங்கே தைத்ததோ, பெரியக்காவின் குரல் மாறிவிட்டது. "எட்டுப் பேரையும் வளர்க்கறியான்னு என்னை யாரும் கேக்கலைடி. தூக்கிக் கையில குடுத்தாங்க. நீயாவது கேட்டியே, அதுக்காகத்தான் உண்மையான பதிலைச் சொல்றேன். வருவேன். பரீட்சை எழுதிட்டு வருவேன். மூணு மாசம் இருப்பேன். அதுக்கு மேல முடியாது."

திரை அணைந்தது.

பன்னிரண்டு நாள் மகளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பெரியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. லைனில் ஒரு கட்டு சட்டைக்குக் கையை இடம் வலம் மாற்றி அனுப்பிவிட்டாள். முப்பது வருடத்தில் அப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. போய்விடலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். டிக்கெட் போடச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினால் போதும், மகள் குழைந்துவிடுவாள். போனை எடுத்து எழுதுவாள், அழிப்பாள். அழித்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திறப்பாள். திறந்த பக்கத்தில் எண்கள் மசமசவென்று கலங்கும்.

பதின்மூன்றாம் நாள் மருமகன் கூப்பிட்டான். "அத்தை, அவ கோபமாத்தான் இருக்கா. நான் ஆறு வாரம் லீவு வாங்கிட்டேன். நீங்க நல்லா எழுதுங்க. எங்கம்மாவும் ரெண்டாங் கிளாஸோட படிப்பை நிறுத்தினவங்கதான். அத்தை, எனக்குப் புள்ளை குளிப்பாட்டத் தெரியாது, வீடியோ பாத்துக் கத்துக்கறேன்."

"தலையை மட்டும் விட்டுடாதீங்க மாப்பிள்ளை. கழுத்துக்குப் பின்னால கை எப்பவும் இருக்கணும்" என்றாள் பெரியக்கா.

பரீட்சை வேறொரு பள்ளியில் நடந்தது. முதல் நாள் வாசலில் நின்ற இளைஞன் அவளை மறித்தான். "அம்மா, பெற்றோர் எல்லாம் வெளியிலதான் இருக்கணும்."

"நான்தான் தம்பி எழுதறது" என்று ஹால் டிக்கெட்டை நீட்டினாள். அவன் போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

கணக்கு கடைசிப் பரீட்சை. அன்று காலை எட்டரைக்கு, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது மருமகனின் செய்தி வந்தது. வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. பள்ளி வாசலில் போனை அணைத்து ஒரு பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். அவள் வரிசையிலிருந்து விலகி நின்றாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள். பேக்கரிக்காரர் திரும்பி வந்து, "என்ன பெரியக்கா?" என்றார். விஷயத்தைச் சொன்னாள்.

அவர் ஒன்றும் புத்தி சொல்லவில்லை. "நான் உள்ள போகலை, நீங்க முடிவு பண்ணுங்க, நிக்கறேன்" என்றார்.

அவருக்காகவாவது முடிவு எடுக்க வேண்டியிருந்தது. போனை அணைத்துப் பையில் போட்டாள்.

மூன்று மணி நேரம் எழுதினாள். வெளியே வந்து போனை வாங்கி உயிர்ப்பித்தபோது அழைப்பு இரண்டு தவறியிருந்தது, படம் ஒன்று வந்திருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய, சிவந்த, கண்ணை இறுக மூடிய முகம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பஸ் ஸ்டாப்பின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நெற்றி அவள் கணவருடையது. அவள் போகவேண்டிய பஸ் மூன்று போயிற்று. பத்து மணி நேர தூரத்தில் அந்த நெற்றி இருந்தது.

கணக்கில் முப்பத்தொன்பது மார்க். பாஸுக்கு முப்பத்தைந்து போதும். சூப்பர்வைசர் ஆர்டர் வந்தது. மேனேஜரிடம் ஆர்டரை வாங்கிக்கொண்டே மூன்று மாதம் லீவு கேட்டாள். அவர் வாயைப் பிளந்தார். ஆனால் அவளை விட்டால் அந்த லைனுக்கு ஆள் இல்லை. கொடுத்தார்.

போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு எட்டு வாரம். மகள் விமான நிலையத்துக்கு வரவில்லை. வீட்டுக் கதவைத் திறந்தவள், "வாம்மா" என்றாள், விருந்தாளியைக் கூப்பிடுவது போல. குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். பெரியக்காவின் கை, இடுப்பு, தோள் எல்லாம் அவளைக் கேட்காமலேயே அதனதன் வேலையைத் தொடங்கின. அழுதுகொண்டிருந்த குழந்தை நிறுத்தியது. மகள் அதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அங்கே குழாயை வெகுநேரம் திறந்துவைத்திருந்தாள்.

பத்து வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. லீவு முடிந்து மகள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஒரு மாலை கால் வீங்கி வந்து சோபாவில் சாய்ந்தாள். "இன்னைக்கு ஒரு அம்மாவைக் குளிப்பாட்டினேன். தொண்ணூத்திரண்டு வயசு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு மகள்னு நினைச்சு ஏதேதோ பேசினாங்க. அவங்க மகளும் எங்கேயோ வெளிநாட்டுல." சற்று நிறுத்தி, "உன்னை யாரும்மா குளிப்பாட்டுவாங்க?" என்றாள்.

"எங்க ஸ்கூல்லயே மையம் வருதாம்" என்று விளையாட்டாகச் சொன்னாள் பெரியக்கா. மகள் சிரிக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். மனசை ஆத்தறதுக்காகச் சொல்லாதே. அன்னைக்குப் பரீட்சை எழுதும்போது என்னை நினைச்சியா?"

பெரியக்கா மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டாள். பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"வாசல்ல நினைச்சேன். வெளிய வந்து நினைச்சேன். உள்ள இருந்த மூணு மணி நேரம் நினைக்கலை. உன்னை மட்டுமில்லை, யாரையுமே நினைக்கலை. எனக்கு நினைவு தெரிஞ்சு, யாரையும் நினைக்காம நான் இருந்தது அந்த மூணு மணி நேரம்தான்டி."

மகள் எழுந்து, அம்மாவின் மடியிலிருந்த புடவையை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். மற்றதையும் அவளே அடுக்கினாள். மூடும்போது, "போகாதேம்மா" என்றாள், சின்னப் பிள்ளையின் குரலில்.

"உனக்கு அங்க வந்துட முடியுமா?"

"அங்க எனக்கு என்ன வேலை இருக்கு? இங்க வாங்கற சம்பளத்துல கால்வாசி."

"எனக்கும் இங்க என்ன வேலை இருக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் தப்பு இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பெரியக்கா திரும்பி வந்து வேலையில் சேர்ந்தாள். முப்பத்தாறு மெஷினில் பதினொன்று மூடிக் கிடந்தது. இருக்கிற ஆட்களை இடம் மாற்றிப் போட்டு லைனை ஓட்டினாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனாள். டீச்சரை வெகுதூரத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரு வகுப்பில் ஐம்பது பேராம். "பிள்ளைங்க சத்தத்துல தொண்டை கட்டிப்போச்சுக்கா, சந்தோஷமா இருக்கு" என்று செய்தி அனுப்பியிருந்தாள். பன்னிரண்டாவதுக்கு விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று பெரியக்கா அவளிடம் கேட்டு வைத்திருக்கிறாள்.

மகளும் மருமகனும் ஷிஃப்ட் மாற்றி மாற்றிக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கூப்பிடுவாள். இப்போதெல்லாம் மகள் அதிகம் பேசுவதில்லை. போனைக் குழந்தையின் முன்னால் நிறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். குழந்தை கவிழ்ந்து, தவழ்ந்து, இந்த வாரம் எதையோ பிடித்துக்கொண்டு நின்றது. பாட்டியைக் கண்டதும் ஓசை எழுப்பிக்கொண்டு கையை நீட்டி நெருங்கி வந்தது. வந்து திரையில் அடித்தது. திரை முழுக்க ஒரு குட்டி உள்ளங்கை, ரேகை ரேகையாக, வெளிச்சத்தில் சிவந்து தெரிந்தது.

பெரியக்கா தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. போன் சூடாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கையை எடுக்கவில்லை.